ஊக்கம் உழைப்பின் மகள்

நம் சமுதாயத்தில் ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலமாக உலவி வருகின்றது. "இக்கால மாணவர்க்கு ஊக்கம் இல்லை" என்பதே அது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் மண்டபம் ஒன்றில் மாலைக் கூட்டம் நடைபெறட்டும். கிள்ளானில் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடட்டும். மேடையேறும் மூவருள் ஒருவரேனும் இக்குற்றச்சாட்டை எடுத்தோதாமல் இறங்குவதில்லை. "சங்கத்தில் இருநூறு பேர் உறுப்பியம் பெற்றுள்ளனர், வேலை செய்ய வருவோர் ஐவர்" என்பார் செயலாளர். "எங்கள் காலத்தில் இப்படியில்லை" என்பார் தலைமை தாங்கும் பெரியவர். அவையினர் தலையசைப்பர். இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேறும்: மாணவர்க்குத் தன்முனைப்பு முகாம் ஒன்று நடத்துதல் வேண்டும்!

முகாமும் நடைபெறும். குத்துவிளக்கு ஏற்றப்பெறும், தமிழ் வாழ்த்துப் பாடப்பெறும், வந்தார்க்கெல்லாம் பொன்னாடை போர்த்தப்பெறும். பேச்சாளர் ஒருவர் இரண்டு மணி நேரம் முழங்குவார். சிங்கத்தின் கதையும் கழுகின் கதையும் வரும். மாணவர் கைதட்டுவர், சிலர் கண்ணீரும் விடுவர். அடுத்த வாரம் சங்கத்தின் கதவைத் திறந்து பார்த்தால் அதே ஐவர் அமர்ந்திருப்பர்.

இம்முறை ஏன் மீண்டும் மீண்டும் தோற்கின்றது என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நோய் தீரவில்லையெனில் மருந்தை மாற்றுதல் மருத்துவன் கடமை. நாமோ அதே மருந்தைப் பெரிய கோப்பையில் ஊற்றிக் கொடுக்கின்றோம். மாணவர் குழுக்களில் ஊக்கம் குன்றுவதற்குக் காரணம் பேச்சுப் பஞ்சம் அன்று. ஊக்கம் உழைப்பின் தாய் என்று நாம் தவறாகக் கற்பிக்கின்றோம். அஃது உழைப்பின் மகள். உரிய வேலையை உரியவர் கையில் ஒப்படைத்தால் அது தானே பிறக்கும். ஒப்படைக்காவிடில் எத்துணை முழங்கினும் பிறவாது. இவ்வுண்மையை நிலைநாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

என் சொந்தப் பட்டறிவிலிருந்து தொடங்குகின்றேன். அதில் எனக்குப் பெருமை தருவது சிறிதே; நாணம் தருவது மிகுதி.

1980களின் தொடக்கத்தில் நான் மாணவன். கடை மாடி அறை ஒன்றில் நாங்கள் இருபத்து நால்வர் கூடி ஒரு குழு அமைத்தோம். கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது எங்கள் நோக்கம். முதல் ஞாயிறு இருபத்து நால்வரும் போனோம். தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். நான்காம் ஞாயிறு ஒன்பது பேர். எட்டாம் ஞாயிறு நால்வர். செய்தி அறிந்த பெரியவர்கள் வருந்தி, எங்களுக்கு ஊக்கவுரை ஒன்றினை ஏற்பாடு செய்தனர். அடுத்த ஞாயிறு பத்தொன்பது பேர் பேருந்தேறினோம். அதற்கடுத்த ஞாயிறு மூவர்!

அம்மூவருள் ஒருவர் எங்களுக்கு மூத்த மாணவி. அவரை நாங்கள் அக்காள் என்றே அழைப்போம். அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து லயங்களுக்குப் போனார். படிக்க வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணினார். முப்பத்தொருவர். பின் எங்கள் அறைக்கு வந்தார். "தம்பி, இருபத்து நாலு பேர் எனக்கு வேண்டாம். எட்டுப் பேர் போதும். ஆளுக்கு நான்கு பிள்ளைகள். உன் நால்வரின் பெயரை நீயே எழுதிக்கொள். அந்த நால்வருக்கு இனி உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை" என்றார். அவ்வளவே அவர் ஆற்றிய உரை.

என் நால்வருள் ஒருவன் முதலாம் படிவத்து மாணவன். பின்னக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. மேலெண்ணோடு மேலெண்ணையும், கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டி விடுவான். அரையோடு மூன்றில் ஒன்றைச் சேர்த்தால் ஐந்தில் இரண்டு என்பான். "சேர்த்த பிறகு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?" என்று கேட்டால் விழிப்பான். மூன்று ஞாயிறு முயன்று, அவன் சிறிது தெளியத் தொடங்கியிருந்தான்.

நான்காம் ஞாயிறு நான் போகவில்லை. தேர்வுமில்லை; நோயுமில்லை. நண்பர்களோடு திரைப்படம் பார்க்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் போனபோது, அந்தப் பையன் பேருந்து நிற்குமிடத்தில் இருட்டும் வரை புத்தகத்தோடு காத்திருந்தான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தை நீட்டினான். மூன்று பக்கம் நிறையக் கணக்குப் போட்டிருந்தான். அனைத்தும் தவறு. அனைத்திலும் அதே தவறு. நான் போயிருந்தால் முதற் கணக்கிலேயே திருத்தியிருப்பேன்.

அன்று எனக்குள் நிகழ்ந்ததை எந்த மேடைப் பேச்சும் நிகழ்த்தியதில்லை. அதன் பின் ஈராண்டுக் காலம் நான் தவறியது மிகச் சில ஞாயிறுகளே. எண்மரும் அவ்வாறே வந்தோம். நாங்கள் திடுமென நல்லவர் ஆகிவிடவில்லை. முன்பிருந்த அதே சோம்பேறிகளே. மாறியது ஒன்றுதான். முன்பு "தோட்டப் பிள்ளைகளுக்குத் தொண்டு" என்னும் பெரிய சொல் எங்களை அழைத்தது. பின்பு நான்கு முகங்கள் எங்களை எதிர்பார்த்து நின்றன. பெரிய சொல்லை ஏமாற்றுதல் எளிது. காத்திருக்கும் முகத்தை ஏமாற்றுதல் அரிது.

இஃது என் ஒருவனுடைய உணர்ச்சி மட்டுமன்று. உலகில் ஆய்ந்து கண்ட உண்மையும் ஆகும். மாக்ஸ் ரிங்கல்மன் என்பவர் பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறியியலாளர். அவர் 1880களில் ஆடவர்களைக் கயிறு இழுக்கச் செய்து, அவர்தம் இழுவிசையை அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் வலிமை குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனித்து இழுத்தால் காட்டும் வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது. இசைந்து இழுக்கத் தெரியாமை அதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமன்று என்பது பின்னர் விளங்கிற்று. 1979இல் அமெரிக்க உளவியலாளர்களான லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் ஆகிய மூவர் மாணவர்களைக் கைதட்டவும் கூவவும் செய்து அளந்தனர். கண்ணைக் கட்டி, காதை மூடி, "உன்னோடு வேறு பலரும் கூவுகின்றனர்" என்று நம்பவைத்தால் போதும். உண்மையில் தனியனாகக் கூவுபவனும் தன் குரலைக் குறைத்துக்கொண்டான். அதே ஆய்வாளர்கள் 1981இல் மற்றொன்றையும் கண்டனர். ஒவ்வொருவர் ஒலியும் தனித்தனியே அறியப்படும் என்று சொல்லிவிட்டால், அக்குறைவு நீங்கிவிடுகின்றது!

இதனை நம் வழக்கில் சொல்வதானால், தேர் வடத்தில் கைவைத்தோர் எல்லாரும் தேர் இழுத்தோர் ஆகார். அவர்கள் தீயவர்கள் அல்லர். தம் கை இல்லாவிடினும் தேர் நகரும் என்று எண்ணுகின்றவர்கள். அவ்வெண்ணத்தை விதைப்பது அவர்தம் உள்ளமன்று. நாம் குழுவை அமைக்கும் முறையே. அப்பையன் போட்ட கணக்கினையே நம் சங்கங்களும் போடுகின்றன. அரையோடு மூன்றில் ஒன்றைச் சேர்த்து, அரையினும் குறைந்த விடையைப் பெறுகின்றன. ஐவர் செய்யும் வேலைக்கு ஐம்பதின்மரைச் சேர்த்து, ஐவரின் வேலையையும் கெடுக்கின்றன.

பல்கலைக்கழகங்களில் குழுமுறையில் இடுபணி செய்யும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். ஐவர் பெயரும் அட்டையில் இருக்கும், எழுதியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர், எஞ்சிய மூவர் புலனக் குழுவில் கட்டை விரல் உயர்த்தியவர்கள். எழுதிய ஒருவர் அடுத்த முறை மனம் கசந்து தாமும் ஒதுங்குகின்றார். சங்கத்திலும் இதே கதை. உழைப்பவர் மேலேயே மேலும் உழைப்பைச் சுமத்துகின்றோம். ஒதுங்கியவரையோ ஒரு சொல்லும் கேட்பதில்லை. ஆண்டிறுதியில் இருவர்க்கும் ஒரே நற்சான்றிதழ்! இந்நிலையில் ஊக்கம் குன்றாதிருந்தால்தான் வியப்பு.

இனி, நம் மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். மாணவர் ஊக்கம் பொங்கி நின்ற காலம் ஒன்று நமக்கு இருந்தது. அது பேச்சால் வந்ததா, பணியால் வந்ததா?

1950களின் தொடக்கம். மலாயாவும் சிங்கப்பூரும் தமிழ் வாசகர்க்கு ஒரே நிலமாக இருந்த காலம். கோ. சாரங்கபாணியார் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ், மாணவர்க்கென 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் திறந்தது. அதில் மாணவர் வெறும் வாசகராக அமர்த்தப்படவில்லை, எழுதுவோராக அழைக்கப்பட்டனர். தோட்டத்திலும் சிற்றூரிலும் இருந்த பையனும் பெண்ணும் எழுதி அனுப்பினர். அவர்தம் பெயரோடு அவர்தம் எழுத்து அச்சில் வந்தது. ஊர்தோறும் அவ்வெழுத்தைப் படித்தோர் கூடினர், மன்றங்கள் அமைத்தனர். ஓர் இதழின் பக்கமாகத் தோன்றியது, தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் இயக்கமாக நாடெங்கும் வேர்விட்டது. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளருள்ளும் பொதுவாழ்வில் நின்றாருள்ளும் பலர் அங்குப் பயின்றவர்களே.

அந்தப் பையனுக்குச் சாரங்கபாணியார் தன்முனைப்பு உரையாற்றவில்லை. அவனுக்கு ஓர் இடம் கொடுத்தார். அந்த இடத்தில் அவன் பெயரை அச்சிட்டார். அடுத்த எழுத்தை எதிர்பார்த்தார். தனித்து அறியப்படும் பணி, அதனை எதிர்பார்த்து நிற்கும் கண் என்னும் இரண்டுமே அங்கு இருந்தன. உளவியலாளர் 1981இல் அளந்து கண்டதை, நம் இதழாசிரியர் முப்பது ஆண்டுகட்கு முன்பே செய்து காட்டினார்.

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பெற்றது. எளிய மக்கள் சிறுசிறு தொகையாக அளித்தனர். 1956இல் துறை தோன்றிற்று. இன்று கோலாலம்பூரில் அத்துறையின் நிழலில் அமர்ந்து படிக்கும் மாணவர், தம் காலடியில் இருப்பது உழைப்பாளியின் காசு என்பதை எண்ணுதல் வேண்டும். அக்காசைக் கொடுத்தவர்க்கும் ஒரு தெளிந்த பணி இருந்தது: இவ்வளவு கொடு, இதற்காகக் கொடு, இதனால் இது நடக்கும். மக்கள் மனமுவந்து கொடுத்தனர்.

அண்மைக் காலத்துச் சான்று வேண்டுமா? 1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பின்தங்கிய நம் பிள்ளைகட்கு வாரந்தோறும் பாடம் சொல்லித் தருவது அதன் பணி. கற்பிக்க வந்தோருள் பெரும் பங்கினர் பல்கலைக்கழக மாணவரும் பட்டதாரி இளைஞருமே. அங்குப் படித்தவர் சிலர், பின்னாளில் பல்கலைக்கழகம் புகுந்து, கற்பிப்போராகத் திரும்பி வந்தனர். அந்நிலையமும் உரைகள் நிகழ்த்தியதுண்டு. பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் நடத்தியதுண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கு உரைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை இருந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகட்குத் தேர்வு நாள் இருந்தது. வகுப்பறை இல்லாத யாத்திரை வெறும் சுற்றுலா. நம் முகாம்கள் பெரும்பாலும் அத்தகைய சுற்றுலாக்களே.

எழுத்தாளர் நூலில் எழுதுவதால், எழுத்துலகச் சான்று ஒன்றனையும் கூறுதல் தகும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர், 1980களின் நடுப்பகுதியில் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்னும் நூலாக்கத் தொடங்கினர். பேரவையின் செயலவை மாறிக்கொண்டே இருக்கும்; மாணவர் பட்டம் பெற்று வெளியேறிவிடுவர். ஆயினும் அம்முயற்சி பல தலைமுறை மாணவர் கைகளைக் கடந்து வந்தது. ஏன்? வேலை இன்னது என்பதில் ஐயமில்லை. கதைகளைத் திரட்டல் வேண்டும். நடுவரிடம் சேர்த்தல் வேண்டும். நூலை அச்சேற்றல் வேண்டும். நாடெங்கும் கதை அனுப்பியோர் முடிவுக்குக் காத்திருப்பர். முன்னவர் போட்ட நூல் மேசைமேல் இருக்கும்போது, "எங்கட்கு ஊக்கமில்லை" என்று பின்னவர் சொல்ல நாக்கூசும்.

இங்கு எதிர்வாதிகள் எழுவர். அவர்தம் வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போதல் நேர்மையன்று.

"மாணவர் குழுக்கள் சோர்ந்ததற்குச் சட்டமே காரணம்" என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1974 டிசம்பரில் பாலிங் வட்டாரத்து உழவரின் வறுமைக்காகக் கோலாலம்பூரில் கிளர்ந்தெழுந்த மாணவருள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1975இல் அச்சட்டம் திருத்தப்பெற்று மேலும் இறுக்கப்பட்டது. சங்கம் எனில் அஞ்சும் தலைமுறை ஒன்று அதன்பின் உருவாயிற்று என்பதை மறுப்பார் இலர். ஆனால் 2012லும் 2018ஆம் ஆண்டின் இறுதியிலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களால், மாணவரின் அரசியல் ஈடுபாட்டின் மீதிருந்த தடைகள் தளர்ந்தன. அன்றியும், ஒரு கேள்வி கேட்கின்றேன். ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது எப்பொழுது? பேரவைக் கதைகள் தோன்றியது எப்பொழுது? சட்டம் இறுகியிருந்த அதே 1980களில் அன்றோ? தோட்டத்துப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை எந்தச் சட்டம் தடுத்தது? சட்டத்தின் மேல் பழிபோட்டுவிட்டுத் திரைப்படத்துக்குப் போன நான் அதற்குச் சான்று.

"இக்கால மாணவர்க்கு நேரமில்லை, கடன் சுமை, பகுதி நேர வேலை, தேர்வு நெருக்கடி" என்பது இரண்டாம் வாதம். இதுவும் பொய்யன்று. தந்தை கிள்ளான் துறைமுகத்தில் சுமை ஏற்ற, தாய் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்க, தாமும் உணவகத்தில் பணியாற்றிப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று மேடையில் பழிப்போர் நாவடக்கம் கற்றல் நலம். ஆனால் இவ்வாதம் என் கட்சிக்கே துணையாகின்றது. நேரம் அருமையாயிருப்பவனை நான்கு மணி நேரக் கூட்டத்திற்கு அழைத்து, அதில் மூன்று மணி நேரத்தை வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் செலவிட்டால், அவன் மறுமுறை வருவானா? அவன் வராமை ஊக்கமின்மை அன்று, அறிவுடைமை. அவனுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் உண்டு எனில், அவ்விரண்டு மணி நேரத்தில் முடியும் பணியைக் கொடுங்கள். முடிந்ததைக் காட்டுங்கள். அவன் வருவான்.

"வள்ளுவரே ஊக்கத்தை முன்வைத்தார், நீர் உழைப்பை முன்வைக்கின்றீரே" என்பது மூன்றாம் வாதம். மேடைப் பேச்சாளர் பெரிதும் நம்பும் வாதம் இதுதான். திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரம். உண்மைதான். ஆனால் அடுத்தது எது? மடியின்மை. அதற்கடுத்தது? ஆள்வினையுடைமை. மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. நம் பேச்சாளரோ 60இல் ஏறி, 60இலேயே இறங்கிவிடுகின்றனர். 62க்குப் போகும் வழியில் அவர்க்குப் பொன்னாடை போர்த்தப்பட்டுவிடுகின்றது! மேலும், வள்ளுவர் அதற்கு ஊக்கம் 'உடைமை' என்றே பெயர் வைத்தார். ஊக்கம் கேட்டல் என்று வைக்கவில்லை. உடைமை என்பது ஒருவன் தேடிப் பெற்றுக் காப்பது. மண்டபத்தில் இலவசமாக வழங்கப்படுவது அன்று.

இனிச் செய்யத் தக்கது யாது? மாணவர்க்கும் பெரியோர்க்கும் சில சொல்லி அமைகின்றேன்.

மாணவரே, உங்கள் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்குவதில் பெருமை கொள்ளாதீர். முதலில் வேலையை எண்ணுங்கள். பின்னரே ஆட்களை எண்ணுங்கள். அக்காள் முதலில் லயத்துப் பிள்ளைகளை எண்ணினார். அதன் பிறகே எங்களை எண்ணினார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். "செயலவை பொறுப்பேற்கும்" என்று எழுதப்பட்ட வேலை எவராலும் செய்யப்படாத வேலை என்று அறியுங்கள். அவ்வேலை யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதை அதனைச் செய்பவர் கண்ணால் காணுமாறு செய்யுங்கள். சுவரொட்டி ஒட்டுபவனும் ஒரு நாள் வகுப்பறைக்கு வரட்டும். கணக்கெழுதுபவளும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கட்டும்.

உழைப்பவர் மேலேயே சுமையை ஏற்றாதீர். ஒருவர் களைத்தால், "ஓய்வெடு, மூன்றாம் மாதம் வா" என்று நாள் குறித்து அனுப்புங்கள். நாள் குறிக்காமல் போனவர் திரும்புவதில்லை. செய்யாதவரைப் புலனக் குழுவில் பலர் அறியப் பழிக்காதீர், நேரிற் சென்று, "இவ்வேலை உனக்குப் பொருந்தவில்லையா? வேறு எது பொருந்தும்?" என்று கேளுங்கள். கேட்கப்படாமலேயே ஒதுங்கியோர் பலர்.

இறுதியாக ஒன்று. இதை நான் சொல்லக் கடமைப்பட்டவன். எங்கள் ஞாயிற்று வகுப்பு ஈராண்டு நடந்தது என்றேன். மூன்றாம் ஆண்டு என்ன ஆயிற்று? நாங்கள் எண்மரும் தேர்வெழுதி, பட்டம் பெற்று, வேலை தேடிப் போய்விட்டோம். எங்கள் இடத்திற்கு எவரையும் பழக்கவில்லை. அக்காளின் பயிற்சிப் புத்தகம் யார் கையிலும் ஒப்படைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டின் முதல் ஞாயிறு, பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் சிலர் வந்து நின்றதாகப் பின்னர் கேள்வியுற்றேன். ஊக்கம் எங்களிடம் இல்லாமல் இல்லை. இருந்த ஊக்கம் எங்களோடு முடிந்துபோகும்படி விட்டுவிட்டோம். ஆதலின் கூறுகின்றேன்: நீங்கள் வெளியேறுவதற்கு ஆறு மாதம் முன்பே உங்கள் வேலையைக் கற்கும் இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் பெயரை அப்புத்தகத்தில் உங்கள் பெயருக்குக் கீழே எழுதுங்கள். தனக்குப்பின் ஒருவரைப் பழக்காதவர் தொண்டைத் தொடங்கியவர் ஆவாரேயன்றி, முடித்தவர் ஆகார்.

பெரியோர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சுருக்கமானது. மாணவர்க்கு உரை வேண்டா. மண்டபத்தின் சாவியைக் கொடுங்கள். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில், பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்குப் போய்வரும் நான்கு மாணவர்க்கு வண்டிச் செலவு கொடுங்கள். அவர்கள் தவறு செய்ய இடம் கொடுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் உங்கள் ஒப்பம் வேண்டும் என்று காக்கவைத்துவிட்டு, பின் அவர்கள் முன்வருவதில்லை என்று முறையிடாதீர். கையைக் கட்டிவிட்டு நீந்தவில்லை என்று கடிவது அறமாகாது. மாணவர் கூட்டத்திற்கு நீங்கள் வரத்தான் வேண்டுமெனில், மேடையில் அமராமல், ஒரு ஞாயிறு வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். ஊக்கம் எங்கே பிறக்கின்றது என்பது அங்கே தெரியும்.

தோட்டங்கள் பல இன்று இல்லை. அங்கிருந்தோர் அடுக்குமாடி வீடுகட்கும் நகர்ப்புறத் தாமான்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். ஆனால் அரையோடு மூன்றில் ஒன்றைச் சேர்த்து ஐந்தில் இரண்டு என்று சொல்லும் பிள்ளை இன்றும் இருக்கின்றான். கிள்ளானிலும் இருக்கின்றான், பிரிக்பீல்ட்ஸ் பின்தெருக்களிலும் இருக்கின்றான். அவன் புத்தகத்தோடு காத்திருக்கின்றான். அவனிடம் போவதற்கு ஊக்கம் வரட்டும் என்று காத்திராதீர். இந்த ஞாயிறே போங்கள். அடுத்த ஞாயிறு உங்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவதை அவன் பார்த்துக்கொள்வான்.